இடப்பக்கத்திலை ஆர் வாறார்?

கஜன் கேட்டது ஒரு சின்ன உதவி. யாழ்ப்பாணத்து உரும்பிராயில் நான் பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்த சாரதிப் பயிற்சி நிலையத்தில் இப்போது அவன்தான் மூத்த பயிற்றுநர். பழைய காரை விற்றுவிட்டு, கியர் மாற்றத் தேவையில்லாத புதுக் கார் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். பழைய காரின் டாஷ்போர்டில் இருந்த சைக்கிள் மணியைக் கழற்றி ஒரு துணியில் சுற்றி வைத்திருப்பதாகச் சொன்னான்.

"அண்ணை, இதைப் புதுக் காரிலை பூட்டுறதோ, இல்லாட்டிக் கந்தோர்ச் சுவரிலை மாட்டுறதோ? நீங்கள்தான் இதின்ரை கதையை நாலு பக்கம் எழுதித் தரவேணும். புதுசாய் வந்த பெடியளுக்கும் தெரியட்டும்."

எழுதித் தருகிறேன் என்றேன். கொப்பியை எடுத்து இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். மணியைப் பற்றியும் நிலையத்தை நடத்திய எங்கள் மாஸ்டரைப் பற்றியும் பெருமையாக எழுதிய இரண்டு பக்கங்கள். அந்தக் கிழமைதான் என் மகளுக்கு விபத்து நடந்தது. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

உயர்தரம் படித்து முடித்த எனக்கு அந்தக் காலத்தில் கிடைத்தது லொறி ஓட்டம். பெற்றோல் கிடைக்காத ஆண்டுகள், போரால் பாதை பூட்டிய ஆண்டுகள், இடம்பெயர்ந்த ஆண்டுகள் எல்லாம் கழிந்து, பாதை திறந்து ஊரில் கார்கள் பெருகத் தொடங்கியபோது மாஸ்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். மாஸ்டர் என்று ஊரெல்லாம் அழைத்தாலும் அவர் ஒருநாளும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் அல்லர். காலையில் சைக்கிளில் வருவார். சங்கிலியில் சிக்காமல் கால்சட்டையின் வலக்காலில் கிளிப் போட்டிருப்பார். காருக்குள் ஏறிய பிறகும் அந்தக் கிளிப்பைக் கழற்றமாட்டார். மாணவர் பதினெட்டு வயதுப் பெட்டையாக இருந்தாலும் அறுபது வயது வங்கி முகாமையாளராக இருந்தாலும் அவருக்கு எல்லாரும் "பிள்ளை"தான்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருக்குப் பதிலாக அந்த மணி சத்தம் போடும். யாழ்ப்பாண நகரில் ஒரு சைக்கிள் கடையில் பதினொரு மணிகளை அடித்துப் பார்த்து, கடைக்காரர் பொறுமை இழந்த பிறகு, காதுக்குள் போய் நிற்கக்கூடிய ஒன்றை அவர் தேர்ந்து வாங்கினாராம். அதைப் பயிற்றுநரின் இருக்கைக்கு முன்னால் இரண்டு ஆணி வைத்துப் பூட்டியிருந்தார். மாணவர் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தால் பெருவிரல் மணிக்குப் போகும். கிணிங். மாணவர் திடுக்கிட்டு வலப்பக்கம் எடுப்பார்.

அதற்கும் முன்னால் ஒரு சடங்கு இருந்தது. இருக்கையைச் சரிசெய்து, கண்ணாடியைத் திருப்பி, கதவைப் பூட்டிய பிறகும் காரை இயக்கும் திறப்பு மாஸ்டரின் கையில்தான் இருக்கும்.

"பிள்ளை, இடப்பக்கத்திலை ஆர் வாறார்?"

"சைக்கிள் வருது."

வீதி வெறுமையாகக் கிடந்தாலும் அதுதான் பதில். முதல் நாளில் சிலர் எட்டிப் பார்த்துவிட்டு, ஒருத்தரும் இல்லையே மாஸ்டர் என்பார்கள். திறப்பு கிடைக்காது. இரண்டாம் நாள் எல்லாரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

இது விளையாட்டல்ல என்பது எங்கள் வீதிகளில் ஓடியவர்களுக்குத் தெரியும். கோப்பாயிலிருந்து அச்சுவேலி வரை விடிந்தவுடன் பார்த்தால், தார் வீதியின் இடது ஓரம் முழுக்கச் சைக்கிள்தான். கத்தரிக்காய் மூட்டை, கீரைக் கட்டு, இரண்டு பக்கமும் தொங்கும் வாழைக்குலை. தார் முடியும் இடத்தில் மண் அரை அடி பள்ளம். ஹோன் சத்தம் கேட்டாலும் சைக்கிள்காரர் கீழே இறங்கமாட்டார். இறங்கினால் மூட்டையோடு விழுவார். ஆகவே எங்கள் மாணவர்கள் வீதியின் நடுவில், முப்பதுக்கு மேல் போகாமல் ஓடினார்கள். பின்னால் பஸ், லொறி, ஓட்டோ எல்லாம் வரிசை கட்டும். எங்கள் காருக்கு ஊரில் "தேர்" என்று பெயர். சந்தியில் நிற்கும் பெடியள், "தேர் வருது, வடத்தைப் பிடியுங்கோடா" என்பார்கள். ஒருநாள் பின்னால் வந்த தனியார் பஸ்ஸின் கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி, மாஸ்டர், தேர் எப்போது இருப்பிடத்துக்கு வந்து சேரும் என்று கேட்டான். மாஸ்டர் கண்ணாடியை இறக்கி, "வடத்தை விட்டிடாதை தம்பி, புண்ணியம் கிடைக்கும்" என்றார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அன்று மாணவருக்கு அவர் சொன்னதை நான் பிறகு ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்: "பின்னாலை வாறவனுக்குக் கண் முன்னாலை இருக்கு, அவன் உங்களைக் காணுவான். சைக்கிள்காரனுக்கு முதுகிலை கண் இல்லை."

எங்களிடம் படித்துச் சென்றவர் ஒருவர்கூட ஒரு சைக்கிள்காரரை இடித்ததாக என் காதில் விழவில்லை. இதை இன்றும் பெருமையாகவே சொல்லுவேன். கிழித்த பக்கங்களில் இதுதான் இருந்தது. அவற்றில் எழுதாமல் விட்டது இனி வருவது.

றயல் எனப்படும் ஓட்டப் பரீட்சைக்கு முந்திய கிழமை மாணவர்களைச் சாவகச்சேரி வரை கூட்டிப்போய் வருவோம். ஏ-ஒன்பது வீதியில் ஒரு நீண்ட ஓட்டம் ஓடாதவர் லைசன்ஸ் எடுக்கக்கூடாது என்பது மாஸ்டரின் சட்டம். ஒருநாள் தபாற்கந்தோரில் வேலை செய்த ஒரு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மிகக் கவனமான மாணவி. திரும்பி வரும்போது கைதடி தாண்டியதும் பின்னால் அம்புலன்ஸ் சத்தம் கேட்டது. சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு யாரையோ கொண்டு போகிறார்கள். எதிரே தொடர்ச்சியாக லொறிகள் வந்துகொண்டிருந்தன. நாங்கள் நடுவில், முப்பத்தைந்தில். அம்புலன்ஸ் முந்த வழியில்லை.

இடப்பக்கம் எடுங்கோ அம்மா என்றேன். அவர் எடுக்கவில்லை. மறுபடி சொன்னேன். ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

"சைக்கிள் வருது அண்ணை."

சைக்கிள் இல்லை. நாவற்குழி வெளியில் அந்த நேரத்தில் வெள்ளைக் கோடும் உவர் நிலமும் வெயிலும் மட்டும்தான் இருந்தன. அவருக்கு அது தெரியும், பார்த்தும் விட்டார். ஆனாலும் கை திரும்பவில்லை. நாங்கள் அவருக்குள் ஏற்றிவிட்ட சைக்கிள் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் நான் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்து, என் பக்கத்துப் பயிற்றுநர் பிறேக்கை மிதித்துக் காரை ஓரத்தில் நிறுத்தினேன். அம்புலன்ஸ் கடந்தது. சாரதி ஏசுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் என் முகத்தை ஒரு கணம் பார்த்தான், அவ்வளவுதான். பின் கண்ணாடிக்குள் சேலைன் போத்தலை உயர்த்திப் பிடித்த ஒரு கை தெரிந்தது. எவ்வளவு நேரம் நாங்கள் வழியை மறித்திருந்தோம் என்று இன்றும் எனக்குக் கணக்குச் சொல்லத் தெரியாது. உள்ளே இருந்தவருக்கு என்ன ஆனது என்று விசாரிக்கத் துணிவும் வரவில்லை.

பின்னேரம் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் காரின் உட்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு, "நாங்கள் அரைவாசிதான் கேட்டிருக்கிறம்" என்றார். அடுத்த நாள் காலையில் சடங்கு மாறியது. சைக்கிள் வருது என்று மாணவர் சொன்ன பிறகும் திறப்பு அவர் கையிலேயே இருந்தது.

"பின்னாலை ஆர் வாறார்?"

இந்தக் கேள்விக்குப் பாடமாக்கிய பதில் கிடையாது. கண்ணாடியைப் பார்த்து உள்ளதைச் சொல்ல வேண்டும். ஓட்டத்தின் நடுவிலும் திடீரென்று கேட்பார். பின்னால் இரண்டு வாகனத்துக்கு மேல் சேர்ந்தால், ஓரம் வெறுமையாக இருக்கும் இடம் பார்த்து சிக்னல் போட்டு, இடப்பக்கம் ஒதுங்கி வழிவிட வேண்டும். வழிவிட்ட பிறகு மறுபடி நடுவுக்கு வரலாம்.

அந்த வருடமே மாஸ்டருக்கு நீரிழிவு முற்றிக் கால் விரல்களை எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் கந்தோர்க் கதிரையில் இருந்ததுதான், காரில் ஏறவில்லை. நான் சில மாதங்கள் இரண்டு கேள்விகளையும் கேட்டேன். மாணவர்கள் குழம்பினார்கள். ஒதுங்கப் போய் ஒருவர் முன் சில்லைப் பள்ளத்தில் இறக்கினார். அரை மணி நேரப் பாடத்தில் நேரம் போதவில்லை. றயலில் இதை யாரும் பார்ப்பதும் இல்லை. மெல்ல மெல்ல விட்டுவிட்டேன். மாஸ்டர் கேட்டபோது, ஓம் மாஸ்டர், கேட்கிறன் என்று சொன்னேன். அவர் காலமாகும் வரை அந்தப் பொய்யைத் திருத்தவில்லை. கஜன் என்னிடம்தான் வேலை பழகினான். அவனுக்கு இப்படி ஒரு கேள்வி இருந்ததே தெரியாது.

என் மகள் ஆரணியும் என்னிடம்தான் படித்தாள். பத்தொன்பது வயது. காருக்குள் அப்பா என்று கூப்பிடக்கூடாது என்று சொல்லியிருந்தேன். அதற்காக வேண்டுமென்றே "மாஸ்டர், தண்ணி குடிக்கலாமோ மாஸ்டர்" என்று என்னைப் பகிடி பண்ணுவாள். நான் கேள்வியைக் கேட்டு முடிக்கும் முன்னமே சைக்கிள் வந்துவிடும். ஒருநாள் வினாத்தாள் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, முந்திச் செல்லும் லேன் என்றால் என்ன என்று கேட்டாள். எங்கள் ஊரில் லேன் என்றால் ஒழுங்கை, வீட்டுக்குப் போகிற வழி. அது தெற்கிலை இருக்கிற சாமான் பிள்ளை, உனக்குத் தேவையில்லை என்றேன்.

அவள் பொறியியல் படித்தாள். தெற்கில், காலிப் பக்கம் வேலை கிடைத்தது. வேலையிடத்தில் கார் கொடுத்தார்கள். கொழும்பில் ஒரு கூட்டத்துக்காக முதல்முறையாக அதிவேக வீதியில் தனியே ஓடினாள்.

செய்தி வந்தபோது நான் உரும்பிராய்ச் சந்தியில் சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு நின்றேன். அவளுடைய சிநேகிதி தொலைபேசியில் கதைத்தாள். முதல் சொல்லே "பயப்பிடாதேங்கோ அங்கிள்." அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

ஒரு மணி நேரத்துக்குள் வாடகைக்குப் பிடித்த வானில் ஏறிவிட்டோம். வானின் சாரதி குருநகரைச் சேர்ந்த அன்ரன், கொழும்பு ஓட்டத்தில் பழம் தின்று கொட்டை போட்டவன். நான் முன்னால் இடப்பக்க இருக்கையில் இருந்தேன். மனைவி பின்னால் இருந்து வாய்க்குள் தேவாரம் சொல்லிக்கொண்டு வந்தாள். குருநாகலில் அதிவேக வீதியில் ஏறினோம். இத்தனை பேருக்கு வாகனம் ஓட்டப் பழக்கிய நான் அப்படி ஒரு வீதியைப் பார்த்தது அன்றுதான். வாசலில் பலகை இருந்தது: சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஓட்டோ, நடந்து போகிறவர், ஒன்றுக்கும் அனுமதியில்லை. உள்ளே போனால் போகும் பக்கத்துக்கு இரண்டு லேன். இடப்பக்கம் அகலமாக, பள்ளமில்லாமல், வெறுமையாகக் கிடந்தது. என்னால் அந்த ஓரத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

சிறிது தூரத்தில் வலப்பக்க லேனில் ஒரு சின்னக் கார் அறுபதில் போய்க்கொண்டிருந்தது. அன்ரன் ஒரு தடவை மட்டும் லைற்றை அடித்துக் காட்டிவிட்டு, வேகத்தைக் குறைத்துப் பின்னால் விலகி நின்றான்.

"எங்கடை ஆள்தான், நம்பரைப் பாருங்கோ, என்.பி., வடக்கு மாகாணம். வலப்பக்கம் முந்திறதுக்கு மட்டுமெண்டு போட்டிருக்கு. எங்கடையாக்களுக்கு இடப்பக்கம் போகக் கை வராது அண்ணை. ஆர் பழக்கிவிட்டதோ."

என் வேலை என்ன என்று அவனுக்குத் தெரியாது. இடப்பக்கம் காலியாகத்தானே கிடக்கிறது, அதால் போகலாமே என்று கேட்டேன்.

"நான் அதாலை போற நேரம் பாத்து மனிசன் ஒதுங்கினால்? பயந்து ஓடுறவனை வெருட்டக்கூடாது. ஒருக்கா லைற் காட்டவேணும், தள்ளி நிக்கவேணும். கண்ணாடியைப் பாக்கிற நேரம் தானாய் விலகுவார்."

பார்க்காவிட்டால் என்று கேட்டேன்.

"பாக்காட்டி என்ன, அவர் இறங்கிற இடமட்டும் வடம் பிடிக்க வேண்டியதுதான்."

நீண்ட நேரத்துக்குப் பிறகு அந்தக் கார் சிக்னல் போட்டு, மிக மெதுவாக இடப்பக்கம் போனது. அன்ரன் கடக்கும்போது நான் திரும்பிப் பார்த்தேன். என் வயதுக்காரர் ஒருவர் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். முகம் இடது ஓரத்தைப் பார்த்தபடி இருந்தது. அவர் என்னிடம் படித்தவரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஓரத்தில் எதைத் தேடுகிறார் என்று தெரியும்.

மறுநாள் காலையில்தான் ஆஸ்பத்திரியில் ஆரணியைப் பார்க்க விட்டார்கள். தோள் எலும்பு முறிந்திருந்தது. நெற்றியில் தையல். என்னைக் கண்டதும் முதலில் சிரித்தாள். பிறகு நடந்ததைத் துண்டு துண்டாகச் சொன்னாள். வலப்பக்க லேனில் அறுபதில் போயிருக்கிறாள். பின்னால் ஒரு வான் ஒட்டி வந்து லைற் அடித்தது, ஹோன் அடித்தது. பின்னால் வருகிறவனுக்குக் கண் முன்னால் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இவள் தன் பாட்டில் ஓடினாள். கடைசியில் அவன் பொறுமை இழந்து இடப்பக்கத்தால் முந்தி, இவளுக்கு முன்னால் குறுக்கே வெட்டினான். இவள் பிறேக்கை மிதிக்க, கார் சுழன்று நடுவிலிருந்த இரும்புத் தடுப்பில் மோதியது. வான் நிற்காமல் போய்விட்டது.

"ஏன் பிள்ளை இடப்பக்கம் போகேல்லை?" என்று மனைவி கேட்டாள்.

அவள் தாயைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"போகத்தான் நினைச்சனான் அப்பா. சைக்கிள் வருமெண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

அங்கே சைக்கிள் விடமாட்டார்கள் என்றேன். "தெரியும், வாசலிலை போட்டிருந்தது" என்றாள். பிறகு அழத் தொடங்கினாள்.

குறுக்கே வெட்டியவன் செய்தது பெரிய பிழை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவன் அதற்கு முன் பல தடவை லைற் அடித்திருக்கிறான், அதில் ஒன்றையாவது என் மகள் ஒரு செய்தியாக எடுத்திருக்க வேண்டும். எடுக்க நான் பழக்கவில்லை. மாஸ்டர் பழக்கச் சொன்னார்.

ஆறு கிழமை அவள் உரும்பிராய் வீட்டில் இருந்தாள். தொலைபேசி அடிக்கும்போதெல்லாம், அவள் அடுத்த அறையில்தான் இருக்கிறாள் என்று தெரிந்தும், ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். இனிமேல் கார் வேண்டாம், பஸ்ஸில் போகட்டும், இல்லாவிட்டால் வேலையையே விடட்டும் என்றாள் மனைவி. எனக்கும் மனதுக்குள் அதுதான் விருப்பம். ஆனால் அவளுடைய வேலை கார் இல்லாமல் நடக்காது. காரை விட்டால் வேலையை விட வேண்டும். அத்தனை படிப்பும் என் ஒரு பிழைக்காகப் போய்விடும். ஒரு பின்னேரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கைதடி அம்புலன்ஸ், மாஸ்டரின் இரண்டாவது கேள்வி, நான் அதைக் கைவிட்டது, அவருக்குச் சொன்ன பொய்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப என்னை அரைவாசிதான் பழக்கியிருக்கிறீங்கள்."

மாஸ்டர் சொன்ன அதே சொல். அதை மட்டும் நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

"ஓம்."

"சரி. மிச்சத்தைப் பழக்குங்கோ மாஸ்டர்."

தோள் ஆறியதும் கஜனிடம் புதுக் காரை ஒரு மணி நேரம் கேட்டேன். திறப்போடு துணிப் பொட்டலத்தையும் தந்து, முடிவைச் சொல்லுங்கோ அண்ணை என்றான். மணியை மடியில் வைத்துக்கொண்டு இடப்பக்க இருக்கையில் ஏறினேன். ஆரணி இருக்கையைச் சரிசெய்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், கதவைப் பூட்டினாள். திறப்பு என் கையில் இருந்தது.

"இடப்பக்கத்திலை ஆர் வாறார்?"

"சைக்கிள் வருது."

"பின்னாலை ஆர் வாறார்?"

மூன்று கண்ணாடிகளையும் பார்த்தாள். "ஒரு லான்ட்மாஸ்டர் உழவு மெசின். வெங்காயம் ஏத்தியிருக்கு. அதுக்குப் பின்னாலை ஒரு பஸ். ரெண்டும் போகட்டும்." போனபின் திறப்பைக் கொடுத்தேன்.

கோப்பாய்ப் பக்கமாக ஓடினோம். என் கால் பயிற்றுநரின் பிறேக்கின் மேலேயே இருந்தது. அவள் உள்ளங்கையை அடிக்கடி சட்டையில் துடைத்தாள். வழியில் உண்மையாகவே ஒரு சைக்கிள் வந்தது, கீரைக் கட்டோடு ஒரு வயோதிபர். அவருக்கு இடம் விட்டுக் கடந்தாள். பின்னால் வாகனங்கள் சேரத் தொடங்கின. நான் கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அந்த நேரம் கார் ஒரு சிறு குழியில் ஏறி இறங்கியது. மடியில் துணிக்குள் இருந்த மணி ஒரு தரம் சிணுங்கியது. இருவருமே இடப்பக்கம் பார்த்தோம், பழக்க தோஷம். அடுத்த கணம் அவள் கண்ணாடியைப் பார்த்தாள். சிக்னலைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, வெறுமையான ஓரத்தில் ஒதுங்கினாள். ஒரு பஸ்ஸும் இரண்டு லொறிகளும் கடந்து போயின. கடைசி லொறிக்காரர் கையை வெளியே நீட்டி அசைத்துவிட்டுப் போனார்.

அவள் மறுபடி வேலைக்குப் போய்விட்டாள். அதிவேக வீதியில் ஏறும் நாட்களில் முன்கூட்டியே சொல்லுவாள். இறங்கியதும் செய்தி அனுப்புவாள். அது வரும் வரை நான் ஒரு வேலைக்கும் உதவமாட்டேன்.

கஜன், மணியைச் சுவரில் மாட்ட வேண்டாம். புதுக் காரில் பூட்டு. அடித்ததும் மாணவர் இடப்பக்கம் பார்ப்பார், அது தானாக வந்துவிடும். அதற்குப் பிறகு அவர் கண்ணாடியையும் பார்க்கும் வரை உன் காலைப் பிறேக்கிலிருந்து எடுக்காதே.